நகராமல் பரவும் கால்சியம்

கால்சியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். அதில் தவறு எதுவும் இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. நாம் பேசப்போவது மிச்சமுள்ள அந்த 1 சதவீதத்தைப் பற்றி. அதிலும் செல்களுக்குள் எதிலும் ஒட்டாமல் திரியும் மிகச் சொற்பமான பங்கைப் பற்றி. இதயத் தசை சுருங்குவதும், ஒரு நரம்பு அடுத்த நரம்பைத் தட்டி எழுப்புவதும், விந்தணு வந்து சேர்ந்துவிட்டதைக் கருமுட்டை தெரிந்துகொள்வதும் இந்தச் சொற்பத்தால்தான்.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போது இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். கால்சியம் நிறையச் சாப்பிட்டால் செல்களுக்குள் சமிக்ஞை பலமாகும் என்பது ஒன்று. இன்னொன்றுதான் பெரியது: கால்சியம் ஒரு தூதுவன், செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்ற சித்திரம். பாடப்புத்தகங்கள் 'இரண்டாம் நிலைத் தூதுவர்' என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த வினை இது. தூதுவன் என்றால் நடந்து போக வேண்டும் அல்லவா? கால்சியம் அப்படிப் போவதே இல்லை. சேதி மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது எப்படி என்பதுதான் கேள்வி.

## அறுபதும் ஆறு லட்சமும்

முதலில் ஒரு கணக்கு. பக்கத்துக்கு 1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள குட்டிக் கனசதுரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் அதை முக்கி எடுத்தால் ஆறேழு லட்சம் கால்சியம் அயனிகள் சிக்கும். (மின்னேற்றம் பெற்ற அணுவை அயனி என்பார்கள். உயிரினங்களின் உடல்நீரில் கால்சியம் இந்த வடிவில்தான் கரைந்திருக்கும்.) அதே கனசதுரத்தை ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் சைட்டோபிளாசத்தில் முக்கினால்? ஏறக்குறைய 60. சைட்டோபிளாசம் என்பது செல்லின் உட்கருவைச் சுற்றி நிறைந்திருக்கும் கூழ். வெளியே ஆறு லட்சம், உள்ளே அறுபது. நடுவில் இருப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு கொழுப்புச் சவ்வு.

இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீரை இறைத்து ஊற்றும் ஆளைப் போல ஒவ்வொரு செல்லும் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இறைக்கும் வேலையைச் செய்பவை சவ்வில் பதிந்துள்ள சில புரதங்கள். இவற்றைக் கால்சியம் பம்புகள் என்று சொல்வோம். ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறைச் செலவழித்துத்தான் இவை ஓடும். சில பம்புகள் கால்சியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும். வேறு சில, செல்லுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு கிடங்குக்குள் தள்ளும். அந்தக் கிடங்கின் பெயர் எண்டோபிளாச வலை. செல் முழுவதும் பின்னிக் கிடக்கும் பைகளும் குழாய்களுமான அமைப்பு. கிடங்குப் பம்பு ஒரு ஏடிபிக்கு இரண்டு அயனிகளை உள்ளே அனுப்பும்.

ஏன் இத்தனை சிரமம்? செல்லுக்குள் பாஸ்பேட் நிறைய இருக்கிறது. ஏடிபியே பாஸ்பேட்டைச் சுமக்கும் மூலக்கூறுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் கல்லாகப் படிந்துவிடும். எலும்பின் கடினமே அந்தச் சேர்க்கையால் வருவதுதான். ஆகவே ஆதியில் செல்கள் கால்சியத்தை விரட்டக் கற்றது பிழைப்புக்காகத்தான், பிறகே அது சமிக்ஞைக்கும் கைகொடுத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

விரட்டிவிட்டதால் கிடைத்த லாபத்தைச் சோடியத்தோடு ஒப்பிட்டால் புரியும். அதே குட்டிக் கனசதுரத்தில், செல்லுக்குள் சோடியம் அயனிகள் 60 லட்சம் அளவில் இருக்கும். அதை இரட்டிப்பாக்க இன்னொரு 60 லட்சம் உள்ளே வர வேண்டும். கால்சியம் இரட்டிப்பாகக் கூடுதலாக 60 சுதந்திர அயனிகள் போதும். 600 ஆனால் பத்து மடங்கு. சந்தடி மிகுந்த தெருவில் ஒருவர் கை தட்டினால் யார் காதிலும் விழாது. ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் அதே கைதட்டல் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். செல் அந்த அமைதியை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறது.

நிறையச் சாப்பிட்டால் சமிக்ஞை பலமாகும் என்ற முதல் குழப்பமும் இங்கேயே தீர்ந்துவிடும். இரத்தத்தில் உள்ள கால்சியத்தின் அளவை பாராதைராய்டு ஹார்மோன் போன்றவை குறுகிய வரம்புக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. கூடுதலாகச் சாப்பிட்டது எலும்புக்குப் போகலாம், சிறுநீரில் போகலாம். செல்லுக்குள் இருக்கும் அறுபதை அறுநூறாக்கும் முடிவைச் செல்தான் எடுக்கிறது, அதுவும் சில நொடிகளுக்கு மட்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: செல் தன் உட்புறத்தைக் கால்சியம் இல்லாத இடமாக வைத்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நுழைந்தாலே பெரிய செய்தி. நுழையக் காத்திருக்கும் கால்சியம் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்லுக்கு வெளியேயும், உள்ளே இருக்கும் கிடங்கிலும்.

## கதவைத் திறப்பது யார்?

சவ்வில் பம்புகளைத் தவிரக் கதவுகளும் உண்டு. அயனிக் கால்வாய் என்பது இவற்றின் பெயர்: நடுவில் துளையுள்ள புரதம், திறந்தால் அயனி பாயும், மூடினால் நிற்கும். பம்பைப் போல எரிபொருள் செலவழித்து எதையும் தள்ள வேண்டியதில்லை. கூட்டம் முண்டியடிக்கும் பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்குக் கால்சியம் தானே கொட்டும்.

வெளிச்சுவரில் உள்ள கதவுகளில் பலவும் மின்னழுத்த மாற்றத்துக்குத் திறப்பவை. நரம்பின் நுனிக்கு மின்துடிப்பு வந்ததும் இவை திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், வேதிப்பொருள் நிரம்பிய குமிழிகளைச் சவ்வோடு இணைய வைத்து, உள்ளிருப்பதை வெளியே கொட்ட வைக்கிறது. ஒரு மில்லிநொடியைச் சுற்றிய நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கிடங்கின் கதை கொஞ்சம் சுற்றுவழி. ஒரு ஹார்மோன் செல்லின் வெளிச்சுவரில் வந்து ஒட்டுகிறது. அது உள்ளே நுழைவதில்லை. ஆனால் அது ஒட்டியதால் உட்புறத்தில் ஒரு நொதி விழித்துக்கொண்டு, சவ்வில் உள்ள ஒருவகைக் கொழுப்பை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளில் ஒன்று ஐபி3 என்ற சிறிய மூலக்கூறு. அது தண்ணீரில் கரையும்; சைட்டோபிளாசத்தில் மிதந்து போய்க் கிடங்கின் சுவரில் உள்ள கதவில் சாவியைப் போல மாட்டிக்கொள்ளும். அந்தக் கதவுக்கு ஐபி3 ஏற்பி என்று பெயர். 1983-இல் கணையச் செல்களை வைத்து இந்தச் சாவி கண்டுபிடிக்கப்படும் வரை, வாசலில் தட்டும் ஹார்மோனுக்கும் உள்ளே கிடங்கு திறப்பதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது விடுகதையாகவே இருந்தது. பார்க்கப்போனால் தூதுவன் என்ற பட்டம் ஐபி3-க்குத்தான் பொருந்தும். அது உண்மையிலேயே பயணம் செய்கிறது.

## கால்சியமே கால்சியத்தை அழைக்கும்

சரி, ஒரு கதவு திறந்துவிட்டது. கால்சியம் பீறிட்டு வருகிறது. எவ்வளவு தூரம் போகும்?

அதிகம் போகாது. சைட்டோபிளாசம் முழுக்கக் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் காத்திருக்கின்றன. இவற்றைத் தாங்கல் புரதங்கள் என்பார்கள். வெளியே வரும் 100 அயனிகளில் பெரும்பாலும் 95-க்கும் மேல் உடனே இவற்றில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைப் பம்புகள் துரத்திப் பிடிக்கும். ஆகவே திறந்த ஒற்றைக் கதவைச் சுற்றி, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குத்தான் கால்சியம் செறிவாக இருக்கும். கதவு மூடியதும் அதுவும் மறைந்துவிடும்.

அப்படியானால் செல் முழுவதற்கும் சேதி எப்படிப் போகிறது? கிடங்குக் கதவின் ஒரு விசித்திரக் குணத்தால். ஐபி3 மாட்டியிருக்கும் கதவு, அதன் வெளிப்பக்கத்தில் கால்சியம் சற்றுக் கூடினால் இன்னும் எளிதாகத் திறக்கும். ஒரு கதவிலிருந்து வந்த கால்சியம் பக்கத்துக் கதவைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்கும். இதற்குக் கால்சியம் தூண்டும் கால்சியம் வெளியீடு என்று பெயர். கொஞ்சம் நாக்கைச் சுழற்றும் பெயர்தான், ஆனாலும் விஷயத்தை உள்ளபடி சொல்லிவிடுகிறது.

தசைகளிலும் இதயத்திலும் கிடங்குக்கு வேறொரு வகைக் கதவு உண்டு: ரையனோடின் ஏற்பி. ரையானியா என்ற செடியின் நஞ்சு இந்தப் புரதத்தில் போய் ஒட்டுவதை வைத்து இதை அடையாளம் கண்டார்கள். நஞ்சின் பெயரே கதவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஐபி3 ஏற்பியைப் போலவே இதுவும் கால்சியத்தால் திறக்கும்.

திறந்துகொண்டே போனால் கிடங்கு மொத்தமும் கொட்டித் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே ஐபி3 ஏற்பிக்குள்ளேயே கட்டுப்பாடும் இருக்கிறது: கால்சியம் சற்றுக் கூடினால் திறக்கும் கதவு, மிக அதிகமாகக் கூடினால் மூடிக்கொள்ளும். மூடியது மீண்டும் திறக்கும் நிலைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். இந்த இரட்டைக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; இனி வரப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

## தீக்குச்சி வரிசை

மேசையில் தீக்குச்சிகளை வரிசையாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடைவெளி விட்டு நட்டு வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குச்சியைப் பற்றவைத்தால் அதன் வெப்பம் இரண்டாவதைப் பற்றவைக்கும், அது மூன்றாவதை. தீ வரிசையின் கடைசிவரை ஓடிப் போகும். குச்சி எதுவும் இருந்த இடத்தை விட்டு நகராது.

கால்சியம் அலை இப்படித்தான். கிடங்குக் கதவுகள் செல்லெங்கும் ஒரே சீராக இல்லை. சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஒரு கொத்து மட்டும் திறந்து மூடினால் செல்லுக்குள் சின்னதாக ஒரு கால்சியம் பொட்டு தோன்றி மறையும். ஹார்மோன் குறைவாக இருக்கும்போது இந்த மாதிரிப் பொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், அவ்வளவுதான். ஹார்மோன் கூடி ஐபி3 பெருகும்போது ஒவ்வொரு கதவும் திறக்கத் தயாரான நிலையில் நிற்கும். அப்போது ஒரு பொட்டு, கசிந்து வரும் தன் விளிம்புக் கால்சியத்தால் பக்கத்துக் கொத்தை எட்டிவிட்டால் போதும், அலை கிளம்பிவிடும். குச்சிகளை நெருக்கி நட்டால் தீ ஓடுவதும், தள்ளி நட்டால் ஒரு குச்சியோடு அணைந்துபோவதும் இதே விதிதான்.

அலை ஏன் வந்த வழியே திரும்புவதில்லை? பின்னால் இருக்கும் கதவுகள் இப்போதுதான் மிகையான கால்சியத்தைக் கண்டு மூடிக்கொண்டிருக்கின்றன. முன்னால் இருப்பவை மட்டும்தான் திறக்கும் நிலையில் உள்ளன. உவமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும்: எரிந்த தீக்குச்சி எரிந்ததுதான், ஆனால் செல்லின் கதவுகள் சிறிது நேரத்தில் புதுசாகிவிடும், பம்புகளும் கால்சியத்தைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அடுத்த அலைக்கும் வழி உண்டு.

சுருக்கிச் சொன்னால், ஒவ்வொரு இடத்திலும் எழும்பும் கால்சியம் அந்தந்த இடத்துக் கிடங்கிலிருந்து வந்தது. இடம் விட்டு இடம் போவது 'திற' என்ற கட்டளைதான்.

## கண்ணால் பார்த்த கதை

கால்சியத்துக்கு நிறம் கிடையாது. இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதே தனிக் கதை, இரண்டு தற்செயல்கள் கொண்டது.

லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த நீரைக் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாற்றியதும் இதயம் சோர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இத்தனை நாள் அதைத் துடிக்க வைத்திருந்தது. தன் முந்தைய முடிவு தவறு என்று 1883-இல் ரிங்கர் தானே எழுதி வெளியிட்டார். அப்படிச் செய்பவர்கள் எப்போதும் குறைவுதான் என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது.

இரண்டாவது தற்செயல் 1961-இல், அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பர் கடற்கரையில். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர் ஒளிரும் ஜெல்லி மீன்களிலிருந்து ஒளிதரும் பொருளைப் பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். அன்றைய சாற்றைத் தொட்டியில் கொட்டியபோது அது பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. தொட்டிக்குள் கடல்நீர் வந்துகொண்டிருந்தது. கடல்நீரில் கால்சியம் இருக்கிறது. இப்படி வெளிப்பட்டதுதான் ஈக்வோரின் என்ற புரதம். கால்சியம் பட்டால் ஒளிரும். அதே ஜெல்லி மீனில் கூடவே கிடைத்த பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

1970-களின் பின்பாதியில் மெடாக்கா என்ற சிறு மீனின் முட்டைக்குள் ஈக்வோரினைச் செலுத்திப் பார்த்தார்கள். விந்தணு நுழைந்த இடத்தில் ஒளி தோன்றியது. பிறகு வளையமாக விரிந்து, முட்டையைச் சுற்றி நகர்ந்து, எதிர்முனையில் போய் அடங்கியது. இந்த முட்டை 1 மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரியது. அலை அதைக் கடக்கச் சில நிமிடங்களே ஆயின. கால்சியம் வெறுமனே பரவிப் போயிருந்தால், வழியெல்லாம் ஒட்டியும் விடுபட்டும் அந்தத் தூரத்தைக் கடக்க மணிக்கணக்கில் ஆகியிருக்கும். தீக்குச்சி வரிசை என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

## அலை வேண்டாத இடம்

எல்லாச் செல்லுக்கும் அலை தேவை என்று நினைத்துவிடக் கூடாது. இதயத் தசைச் செல் ஒரே நேரத்தில் முழுவதும் சுருங்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாகச் சுருங்கினால் துடிப்பில் பலம் இருக்காது. ஆகவே அங்கே ஏற்பாடு வேறு. செல்லின் வெளிச்சுவரே குழாய் குழாயாக உள்ளே மடிந்து இறங்கி, ஒவ்வொரு ரையனோடின் கொத்தின் அருகிலும் போய் நிற்கிறது. மின்துடிப்பு வந்ததும் அந்தக் குழாய்களில் உள்ள கதவுகள் திறந்து, கொஞ்சம் கால்சியம் உள்ளே சொட்டுகிறது. அந்தச் சொட்டு எதிரே இருக்கும் கொத்தை மட்டும் திறக்கிறது. ஆயிரக்கணக்கான கொத்துகளில் இது ஒரே சமயத்தில் நடக்கும். வெளிவந்த கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்ட, தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன.

ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகத் திறப்பதை 1993-இல் படம்பிடித்தவர்கள் அவற்றுக்குக் 'கால்சியம் பொறிகள்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். பொறி பொறியாகவே இருக்கும் வரைதான் நல்லது. கிடங்கு அளவுக்கு மீறி நிரம்பினாலோ கதவுகள் பழுதானாலோ பொறி பக்கத்துக் கொத்துக்குத் தாவி, யாரும் அழைக்காத அலையாக ஓடும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு அது ஒரு காரணம்.

## ஒரே அயனி, பல கட்டளைகள்

தசையில் சுருங்கு, சுரப்பியில் சுர, முட்டையில் வளரத் தொடங்கு. எல்லாவற்றுக்கும் ஒரே கால்சியம் என்றால் செல் குழம்பிவிடாதா?

பாதி விடை, யார் காதில் விழுகிறது என்பதில் இருக்கிறது. ட்ரோபோனின் தசையில்தான் உண்டு. மற்ற செல்களில் பெரும்பாலும் முதலில் கேட்பது கால்மாடுலின் என்ற சிறு புரதம். நான்கு கால்சியம் அயனிகள் அதில் ஒட்டினால் அது உருவம் மாறி, வேறு புரதங்களைக் கட்டிப்பிடித்து வேலையில் இறக்கும். எந்தச் செல்லில் எந்தப் புரதங்கள் காத்திருக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

மீதிப் பாதி, தாளத்தில் இருக்கிறது. கதவு திறப்பதும் மூடுவதும் மீள்வதும் பம்பு இறைப்பதும் சேர்ந்து, ஹார்மோன் இருக்கும் வரை கால்சியத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிக் கொண்டே இருக்கும். 1986-இல் கல்லீரல் செல்களைத் தனித்தனியாகக் கவனித்தபோது ஓர் ஆச்சரியம் கிடைத்தது: ஹார்மோனைக் கூட்டினால் ஒவ்வொரு துடிப்பின் உயரமும் அப்படியே இருந்தது, துடிப்புகள்தான் அடிக்கடி வந்தன. கதவை மெல்லத் தட்டுவதா பலமாகத் தட்டுவதா என்பதைவிட, எத்தனை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்பதில் அவசரம் தெரிகிறது. இந்த எண்ணிக்கையைப் படிக்கும் புரதங்களும் உண்டு. கால்மாடுலின் எழுப்பிவிடும் ஒரு நொதி, ஒரு துடிப்பு முடிந்ததும் உடனே உறங்கிவிடாது. அடுத்த துடிப்பு சீக்கிரம் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாமதமானால் எல்லாம் மறந்துபோகும். பாலூட்டிகளின் கருமுட்டையில் விந்தணு சேர்ந்த பிறகு இந்தத் துடிப்புகள் மணிக்கணக்கில் நீடிக்கின்றன.

இடையில் கிடங்கு வற்றத் தொடங்கினால்? கிடங்குச் சுவரில் ஸ்டிம் என்ற புரதம் உள்ளிருப்பைக் கண்காணிக்கிறது. குறைந்ததும் அது வெளிச்சுவரை நெருங்கிப் போய் ஓராய் என்ற கதவைத் திறக்க, வெளியிலிருந்து கால்சியம் வந்து இருப்பைச் சரிசெய்யும். இந்த இரண்டும் 2005, 2006 ஆண்டுகளில்தான் பிடிபட்டன.

## செல்லைத் தாண்டி

அலை செல்லின் எல்லையோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. விலங்குகளில் அடுத்தடுத்த செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியே ஐபி3 தாண்டிப் போகலாம். அல்லது ஒரு செல் வெளியே விடும் ஏடிபி அடுத்த செல்லின் வாசலைத் தட்டலாம். எரிபொருளே சேதியாகவும் மாறும் வேடிக்கை அது.

நரம்பே இல்லாத செடிகளிலும் இதைப் பார்க்க முடிகிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் புரதத்தைத் தாங்கிய அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடியின் இலையை ஒரு புழு கடிப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. கடிபட்ட இடத்தில் குளூட்டமேட் என்ற பொருள் கசிகிறது. அது கால்சியம் கதவுகளைத் திறக்கிறது. ஒளி இலை நரம்புகள் வழியே நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிடங்களில் புழு தொடாத வேறொரு இலைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த இலை தற்காப்பு ஹார்மோனைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே ஒளிர்வது கடிபட்ட இலையின் கால்சியம் இல்லை; அந்த இலையின் செல்கள் தாமே தங்கள் கதவுகளைத் திறந்து உள்ளே விட்டுக்கொண்டது.